இணைப்பைத் திருப்பித் தராத இன்பாஸ்

இன்பாஸ் கெட்டவர் என்று பதுளையில் யாரும் சொன்னதில்லை. கெட்டவராக இருப்பதற்கு ஓரளவு கவனம் வேண்டும். அவரிடம் அது கிடையாது.

பஸ் நிலையத்திலிருந்து மேலே ஏறும் தெருவில், போன், கணினி, போட்டோகொப்பி எல்லாம் வைத்திருக்கும் ஜஸீலின் கொமியூனிகேஷன் கடைக்கு மேல்மாடியில் அவருடைய பெயர்ப்பலகை தொங்குகிறது: ‘இன்பாஸ் டிஜிட்டல் சொலுஷன்ஸ்’. அதன் கீழே, ‘சிஸ்டம் ஆர்க்கிடெக்ட்’. வீடு கட்டுகிற ஆர்க்கிடெக்ட் என்றால் வீடு இடிந்ததும் ஆளைத் தேடுவார்கள். சிஸ்டம் கட்டுகிறவரை யாரும் தேடுவதில்லை, எல்லாரும் சேர்வரைத்தான் திட்டுவார்கள். இந்த வசதியை யோசித்துத்தான் தொழிலைத் தெரிவு செய்தார் என்று சொன்னால் அவரை அறிவாளி ஆக்கிவிடுவோம். ஆகவே வேண்டாம்.

பிறந்தது லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பத்துக் காம்பரா ஒரே வரிசையில் ஒட்டியிருக்கும் லயத்தில் ஏழாவது காம்பரா. அப்பா செல்லமுத்து கங்காணி. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் மூன்று பாடமும் சித்தியடைந்த முதல் ஆள் அந்தத் தோட்டத்தில் இன்பாஸ்தான். அதற்காகத் தோட்டம் கோயில் வாசலில் பந்தல் போட்டு மாலை போட்டது. அந்த மாலையை அவர் இன்னும் கழற்றவில்லை என்பதே அவரைப் பற்றிய முழு வரலாறு, மீதியெல்லாம் விவரம்.

விவரம் இதுதான். கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மூன்று வருடம் வேலை செய்தார். மற்றவர்கள் எழுதிய நிரலில் பிழை தேடுகிற வேலை. மூன்று வருடமும் பிறர் பிழைகளையே பார்த்த ஒருவர் தமக்கும் பிழை வரும் என்று கற்றுக்கொண்டிருக்க வேண்டும். இவர் பிழை என்பது பிறருக்கு வருவது என்று கற்றுக்கொண்டார். முப்பது வயதில் பதுளைக்குத் திரும்பினார். ஊர் எது என்று கேட்டால் “பதுளை டவுன்” என்பார். தோட்டத்தில் பிறந்ததை மறைத்தார் என்று சொல்லவும் முடியாது. தொண்டு நிறுவனங்களுக்கு எழுதுகிற விண்ணப்பங்களில் முதல் வரியே அதுதான்.

சனிக்கிழமைகளில் மேல்மாடியில் வகுப்பு நடத்தினார். இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்: வகுப்பில் அவர் அருமையான ஆசிரியர். தரவுத்தள இணைப்பு என்றால் என்ன என்று அவர் விளக்கியதைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

“கொழுந்து மடுவத்துல தராசு எத்தன?” என்று கேட்பார்.

“ஒண்ணு சேர்.”

“கொழுந்து எடுத்து வாறவங்க?”

“நூறு பேர்.”

“நூறு பேருக்கு நூறு தராசா வச்சிருக்கான் தோட்டத்துல? இல்ல. தராசு அங்கேயே தொங்கும். ஆள்தான் மாறும். பைய மாட்டு, நிறு, எறக்கு, போ. வெப்சைட்டும் அதேதான். பேரெல்லாம் இருக்கிற எடம் டேட்டாபேஸ். அதோட பேசக் கனெக்ஷன் வேணும். கனெக்ஷன் கொஞ்சம்தான் இருக்கும். வேல முடிஞ்சா அடுத்த ஆளுக்கு விடணும். மொத ஆளு தராசக் கட்டிப்புடிச்சிக்கிட்டு நின்னா என்னாகும்?”

“கங்காணி அடிப்பாரு சேர்.”

எல்லாரும் சிரிப்பார்கள். கீழே ஜஸீலின் கடையில் வேலை செய்கிற சுதர்ஷினியும் அந்த வகுப்பில் மூன்று மாதம் இருந்தாள். அவளும் சிரித்தாள், கொப்பியில் எழுதியும் வைத்தாள். இன்பாஸ் எழுதி வைக்கவில்லை போலிருக்கிறது. அந்த உவமையைச் சொன்ன வாய்க்கும் நிரல் எழுதிய கைக்கும் நெடுங்காலமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

அவர் செய்த வெப்சைட்டுகள் எல்லாம் நன்றாகவே ஓடின. ஒரு டியூஷன் வகுப்புக்கு, ஒரு கோயில் திருவிழாச் சபைக்கு, வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதிக்கு. எதற்கும் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் வந்ததில்லை. ஐந்து பேர் வரும்வரை எல்லா நிரலும் நல்ல நிரல்தான், எல்லா ஆர்க்கிடெக்டும் நல்ல ஆர்க்கிடெக்ட்தான்.

பிறகு வீட்டுத் திட்டம் வந்தது.

ஸ்பிரிங்வெளிக்கு அப்பால் மலைச்சரிவில் இருக்கும் தோட்டமொன்றின் மேற்பிரிவில் நூற்று முப்பத்தொரு குடும்பங்கள். மண் சரியலாம், லயத்தை விட்டு எழும்புங்கள் என்று கடிதம் வந்து இரண்டு வருடம். எழும்பி எங்கே போவது என்று கடிதத்தில் இல்லை. மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடிய பிறகு இந்தப் பக்கத்தில் மழைச் சத்தத்தை யாரும் தூங்கிக்கொண்டு கேட்பதில்லை. மழை பிடித்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போவார்கள், விட்டதும் திரும்புவார்கள். கடைசியில் ஒரு தொண்டு நிறுவனம் மேட்டுச் சமதரையில் வீடு கட்ட முன்வந்தது. முதற்கட்டத்துக்குப் பெயர் பதிய வேண்டும். இணையத்தில் மட்டும். திங்கள் காலையிலிருந்து வெள்ளி நான்கு மணி வரை. அதற்குள் பதியாதவர் இந்தக் கட்டத்தில் இல்லை. அடுத்த கட்டம் எப்போது என்று கேட்டவர்களுக்கு, “அறிவிப்போம்” என்ற பதில் கிடைத்தது.

வெப்சைட்டைச் செய்யும் வேலை இன்பாஸுக்கு. திட்ட அறிக்கையில் அவர் இரண்டு பெருமைகளை எழுதினார். ஒன்று, ‘ஒவ்வொரு குடும்பத்துக்கும் பிரத்தியேக நேரடி இணைப்பு’. பதிந்து முடித்ததும் பக்கத்தின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி எரியும்: நீங்கள் இணைப்பில் இருக்கிறீர்கள், உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. பக்கம் திறந்திருக்கும்வரை புள்ளி எரியும். புள்ளி எரியும்வரை ஓர் இணைப்பு அந்த ஆளுக்கே. அவர் வாடகைக்கு எடுத்த சின்னத் தரவுத்தளத்தில் மொத்தம் முப்பது இணைப்புகள்தான் என்பது அவருக்குத் தெரியும். நூற்று முப்பத்தொன்றை முப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கணிதப் பிரிவு தேவையில்லை. அதனால்தான் அவர் பார்க்கவில்லையோ என்னவோ.

இரண்டாவது பெருமை, ‘முற்றிலும் காகிதமற்றது’. பதிவு எண் கிடையாது. குறுஞ்செய்தி கிடையாது. அச்செடுக்க முடியாது. “துண்டுச் சீட்டுக் கலாசாரத்த ஒழிக்கணும்,” என்றார் தொண்டு நிறுவன அதிகாரியிடம். அதிகாரிக்கு அது பிடித்திருந்தது. அவர் தோட்டத்தில் பிறந்தவரல்லர், அவரை மன்னிக்கலாம்.

தோட்டத்தில் துண்டு இல்லாமல் எதுவும் நடந்ததாகக் கணக்கில்லை. நிறுத்த கொழுந்துக்குத் துண்டு, டிஸ்பென்சரியில் மருந்துக்குத் துண்டு, லீவுக்குத் துண்டு, கூரைத் தகரம் கேட்டால் துண்டு. காலைப் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்றவனையே, பேர் விழுந்ததா, அன்றைய நாள் கணக்கில் ஏறியதா என்றுதான் கேட்பார்கள். வந்தாயா என்று கேட்பதில்லை. கையில் ஒரு காகிதமும் தராமல் ‘உங்கள் விண்ணப்பம் கிடைத்தது’ என்று ஒரு போன் சொன்னால் இந்தச் சனம் என்ன செய்யும்? செல்லமுத்து கங்காணியின் மகனுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. சனம் அந்தப் பக்கத்தையே துண்டாக வைத்துக்கொண்டது. மூடவில்லை. போனை சார்ஜில் போட்டு, சிக்னல் விழுகிற ஜன்னலில் வைத்து, பச்சைப் புள்ளி அணையாமல் காவல் காத்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்குள் முப்பது இணைப்பும் முடிந்தது. அடுத்து வந்த குடும்பத்துக்குப் பக்கம் திறக்காமல் திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. இன்பாஸ் சேர்வரை நிறுத்தித் திருப்பிப் போட்டார். போட்ட சில விநாடிகளில் பழைய போன்கள் தாமாகவே திரும்பி வந்து இணைப்பைப் பிடித்துக்கொண்டன. இடையில் நாலைந்து புதியவர்கள் புகுந்தார்கள். பச்சை போய்ச் சிவப்பு விழுந்தவர்கள் அலறியடித்து மேட்டுக்கு ஏறிச் சிக்னல் பிடித்து மறுபடி நுழைந்தார்கள். செவ்வாயும் இப்படி. புதனும் இப்படி. வியாழன் மாலை எண்பத்தெட்டுக் குடும்பங்கள் பதிந்திருந்தன. இன்பாஸ் அதை ‘அமோக வரவேற்பு’ என்று அதிகாரிக்கு எழுதினார். வட்டம் சுற்றுவதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, “தோட்டத்துச் சனத்துக்கு இன்டர்நெட் பழக்கமில்ல,” என்றார்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மழை. மேற்பிரிவில் பாதி லயங்களில் சிக்னல் செத்துவிட்டதால் பதியாதவர்களில் ஒன்பது குடும்பத்து ஆட்கள் பதுளைக்கே இறங்கி வந்து ஜஸீலின் கடையில் நின்றார்கள். முன்னால் நின்றவர் விஜயலெட்சுமி. கொழுந்து எடுக்கிறவர், நாற்பத்தொரு வயது, இரண்டு பெண் பிள்ளைகள். புதன்கிழமையும் வந்தார், வியாழனும் வந்தார். அன்று அரைப் பேரோடு, அரைநாள் சம்பளம் போதும் என்று, மலையிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தார். இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கு இன்னும் ஈரமாக இருந்தது.

“இன்னும் சுத்துதா புள்ள?” என்றார், கணினிக்கு முன்னால் இருந்த சுதர்ஷினியிடம்.

“சுத்துது அக்கா.”

“நேத்தும் சுத்துச்சு. எங்க கோயில் தேரு கூட இவ்வளவு சுத்தல. அதாவது ஒரு எடத்துல நிக்கும்.”

“கொஞ்சம் இருங்க அக்கா. மேல சேர்கிட்டச் சொல்லியிருக்கு.”

“அந்தச் சேரு படியில எறங்கி வந்தா நல்லாயிருக்கும். நாங்க மலையே எறங்கி வந்திருக்கோம்.”

ஜஸீல் போட்டோகொப்பி மெஷினுக்குப் பின்னாலிருந்து, “அவரு இப்ப எறங்க மாட்டாரு. டை கட்டி ஈக்கிறாரு. நாலு மணிக்கி ஓபிசர் வாறாராம்,” என்றார்.

மணி இரண்டரை தாண்டியபோது முருகையா வந்தார். மேற்பிரிவில் முப்பது வருடம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். விஜயலெட்சுமியின் காம்பராவுக்கு முதுகுப்பக்கத்துக் காம்பரா அவருடையது. ஷொப்பிங் பைக்குள் ஒரு போனைப் போட்டு, பைக்குள்ளிருந்தே வயர் ஒன்று சட்டைப் பைக்குப் போக, மழையில் கற்பூரத் தட்டை ஏந்தி வருகிறவர் மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

“நானா, இதுக்குக் கொஞ்சம் கரண்ட் குடுங்க. மேல எங்க லயத்து லைன்ல கரண்ட் இல்ல. நாலு நாளா முழிச்சிருக்கு, இப்ப தூங்கிருச்சுன்னா வீடு போச்சு,” என்றார் ஜஸீலிடம்.

சுதர்ஷினி எட்டிப் பார்த்தாள். பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

“மாமா, இத எப்ப இருந்து தொறந்து வச்சிருக்கீங்க?”

“திங்கக்கெழம பேரு குடுத்ததுல இருந்து.”

“ஏன் மூடல?”

“துண்டு தரலியே.”

“பேரு குடுத்த எல்லாருமா இப்பிடி வச்சிருக்காங்க?”

“பின்ன? எங்க லைன்ல மட்டும் பதினாலு போன். சின்னராசு சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிட்டு, அவன் பொஞ்சாதிய காவலுக்குப் போட்டிருக்கான். அவ நேத்து சாமிக்கு வெளக்கேத்த மறந்துட்டா, போனுக்கு மறக்கல.”

சுதர்ஷினி எழுந்து மேல்மாடிக்குப் போனாள். தராசைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மேலே இன்பாஸ் சுவரில் மாட்டிய பெரிய டிவியின் வயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். திரையில் ‘இதுவரை பதிவு: 88’ என்று இருந்தது. மூலையில் பச்சைப் புள்ளி. மேசையில் லெப்டொப், அதிலும் அதே பக்கம், அதே புள்ளி. பக்கத்தில் டெப். அதிலும். சார்ஜில் கிடந்த போனிலும்.

“சேர், கனெக்ஷனெல்லாம் பேரு குடுத்த ஆக்கள்ட போன்ல மாட்டியிருக்கு. அவங்க பக்கத்த மூடல. துண்டு இல்லாததால மூடப் பயம்.”

“அது யூசர் பிஹேவியர். நம்ம கையில இல்ல.”

“நீங்கதானே சேர் கிளாஸ்ல சொன்னீங்க, வேல முடிஞ்சா விடணும்னு.”

“அது தியரி.”

“பேரு பதிஞ்சதும் கனெக்ஷன விடச் சொல்லி எழுதினாப் போதாதா? நாலு வரிதானே.”

“வெள்ளிக்கிழமை ஓடுற சிஸ்டத்துல கை வைக்கக் கூடாது. கொழும்புல எந்தக் கொம்பனியிலயும் கேட்டுப் பாருங்க.”

இது உண்மை. கொழும்பில் அப்படித்தான் சொல்வார்கள். சரியான கொள்கைகள் அத்தனையும் இன்பாஸுக்குத் தெரியும். அவை எல்லாம் அவருடைய ஒரே ஒரு பிழைக்குக் காவல் நின்றன.

“அப்ப இந்த டிவிய மட்டும் மூடுங்க சேர். அதுவும் ஒரு கனெக்ஷன். லெப்டொப், டெப், போன், எல்லாம் சேத்து நாலு உங்ககிட்டயே இருக்கு. ஒண்ண விட்டாலும் போதும். கீழ ஒம்பது குடும்பம் நிக்குது.”

இன்பாஸ் டிவியைப் பார்த்தார். அதிகாரி நாலு மணிக்குக் கமராக்காரருடன் வருகிறார். படம் இந்த டிவிக்கு முன்னால்தான்.

“மூடினா திரும்பக் கனெக்ட் ஆகுமோ தெரியாது,” என்றார்.

அந்த வாரம் முழுவதும் அவர் சொன்ன பொறியியல் உண்மை இது ஒன்றுதான்.

“மத்தது?”

“லெப்டொப்ல மொனிட்டர் பண்றேன். டெப் பெக்கப். போன் எமர்ஜென்சிக்கு.”

“எமர்ஜென்சி கீழ நிக்குது சேர்.”

அவர் டையைச் சரிசெய்தார். அது நேராகத்தான் இருந்தது.

சுதர்ஷினி இறங்கி வந்தாள். மணி மூன்றுக்குப் பத்து நிமிடம். முருகையா ஜஸீலின் பிளக்கில் வயரைச் செருகி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, இத மூடினா விஜயலெட்சுமி அக்காட பேரு பதியலாம்.”

“மூடினா என் பேரு போகும்.”

“போகாது. உங்க பேரு திங்கக்கெழமையே உள்ள போயிருச்சு. இது சும்மா வெளக்கு.”

“நீ சொல்ற. நாளைக்கு நீ இந்தக் கடைய விட்டுக் கல்யாணங்கட்டிப் போயிருவ. நான் யாருகிட்டக் கேக்கிறது? ஒரு மாசம் கணக்கப்புள்ள வாயால சொன்னத நம்பித் துண்டு வாங்காம வந்தேன். நாலு நாள் பேரு கொறஞ்சுச்சு. கேட்டா, துண்டு எங்கன்னான்.”

விஜயலெட்சுமி அவர் பக்கம் திரும்பினார்: “மாமா, எங்க பின்சொவத்து வெடிப்புல நேத்து வெரலு போச்சு. இன்னைக்குக் காலைல கை போகுது.”

“எனக்குத் தெரியாதாடி? அந்தச் சொவத்துக்கு இந்தப் பக்கம்தான் நான் படுக்கிறேன். ராவுல ஒன் மூத்தவ இருமுறது எனக்குக் காத்தோட வருது.”

“அப்ப என்ன செய்யலாங்கிறீங்க?”

முருகையா புள்ளியைப் பார்த்தார். நின்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். யாரும் போனைப் பிடுங்கவில்லை. துண்டு இல்லாத ஒருவனுடைய நிலை அவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

“ஒரு துண்டு குடுத்தா மூடுறேன்,” என்றார்.

சுதர்ஷினி ஜஸீலின் பில் புத்தகத்தை இழுத்தாள். பெயர், அப்பா பெயர், பிரிவு, லயம், காம்பரா, அடையாள அட்டை எண், திங்கட்கிழமை வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பம் பதிந்துள்ளார், எழுதினாள். மேசை லாச்சியைத் திறந்து ரப்பர் முத்திரையை எடுத்தாள்.

“ஏய், என்ட சீலு,” என்றார் ஜஸீல். “நாளக்கி வீடு கெடைக்கல்லன்னா என்னத்தான் தேடி வருவாங்க.”

“வரட்டும் நானா. வந்தா போனுக்கு ரீலோட் போட்டுக்கிட்டுத்தான் போவாங்க.”

ஜஸீல் இதை யோசித்தார். பிறகு முத்திரையை அவளிடமிருந்து வாங்கி, வாயால் ஊதி, தாமே குத்தினார். மங்கலாக விழுந்ததால் பக்கத்தில் இன்னொன்றும் குத்தினார். முருகையாவுக்கு இரட்டை முத்திரை பிடித்திருந்தது.

“கையெழுத்து?”

அவள் போட்டாள்.

“தேதி?”

போட்டாள்.

“மணி?”

“மூணு ரெண்டு.”

“ரெண்டயும் எழுது.”

எழுதினாள். அவர் துண்டை எழுத்தெழுத்தாக வாசித்து, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். அப்புறம்தான் ஒரு சிக்கல் தெரிந்தது: நாலு நாளாக மூடாததால் மூடத் தெரியவில்லை. சுதர்ஷினி விரலை நீட்டினாள். “நீ தொடாத. எங்கன்னு காட்டு. என் வீட்ட நான்தான் மூடணும்,” என்றார். காட்டினாள். அவர் கண்ணை இறுக்கிக்கொண்டு அழுத்தினார்.

கணினியில் வட்டம் நின்றது. பக்கம் திறந்தது.

விஜயலெட்சுமியின் பெயர், பிள்ளைகளின் பெயர், காம்பரா, சுவர் வெடிப்பின் அளவு. அளவு கேட்ட இடத்தில் சுதர்ஷினி தயங்க, விஜயலெட்சுமி தம் கையை மணிக்கட்டுவரை காட்டினார். மூன்று மணி ஏழு நிமிடத்துக்கு விண்ணப்பம் போனது. பச்சைப் புள்ளி எரிந்தது.

“அக்கா, எந்திரிங்க. அடுத்த ஆளு வாங்க.”

சுதர்ஷினி பக்கத்தை விட்டு வெளியே வரவில்லை. வந்தால் மலையில் எந்தப் போனாவது பாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதே பக்கத்தில், அதே இணைப்பில், அடுத்த பெயர். தராசு அங்கேயே இருக்கும், ஆள்தான் மாறும். ஒன்பது குடும்பமும் மடுவத்தில் நிற்பதுபோலவே தாமாக வரிசையாக நின்றது. கையில் பைக்குப் பதிலாக அடையாள அட்டை. ஒருவர் எழும்ப மற்றவர் உட்கார்ந்தார். எழும்பியவர் நேரே ஜஸீலிடம் போய்க் கையை நீட்டினார். ஜஸீல் துண்டில் முத்திரை குத்தினார். கேட்காமலே இரண்டு.

மூன்று ஐம்பதுக்கு ஒன்பதும் முடிந்தது.

மேல்மாடியில் இன்பாஸ் டிவியில் எண் எண்பத்தொன்பது, தொண்ணூறு என்று ஏறி தொண்ணூற்றேழில் நிற்பதைப் பார்த்தார். சிஸ்டம் தானாகவே ஸ்டேபல் ஆகிவிட்டது என்று முடிவு செய்தார். நாலு மணிக்கு அதிகாரி வந்தார். இருவரும் தொண்ணூற்றேழுக்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். மேற்பிரிவில் சிக்னலும் கரண்டும் இல்லாமல் இருந்த மற்ற முப்பத்துநாலு குடும்பங்களைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி வந்தது: ‘ஆர்வம் காட்டவில்லை’. அந்த வரியை எழுதியவரும் கணிதப் பிரிவுதான்.

அடுத்த மாதம் அதிகாரி பதிந்தவர்களைச் சரிபார்க்கப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்தார். மேசையில் லெப்டொப்பை விரித்தார். வட்டம் சுற்றியது. அன்று காலை இன்பாஸ் தம் வகுப்பு மாணவர்கள் முப்பது பேருக்கும் அந்த வெப்சைட்டைத் திறந்து காட்டிப் பெருமை பேசிக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. பச்சைப் புள்ளியை நம்பிக் காவல் காத்தவர்களிடம் அன்றைக்குக் காட்ட ஒன்றும் இல்லை. இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். பத்துப் பேரிடம் மட்டும் கொமியூனிகேஷன் கடையின் இரட்டை முத்திரை குத்திய துண்டு இருந்தது. அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமக்குத் தேவையான எல்லா விவரமும் அதில் இருந்ததைக் கண்டு சற்று வெட்கப்பட்டார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவர் வேலை சுலபமானதில் சந்தோஷப்பட்டார். விஜயலெட்சுமியின் சுவரையும் முருகையாவின் சுவரையும் ஒரே தடவையில் அளந்துவிட்டார், இரண்டும் ஒன்றே என்பதால்.

மேட்டில் இருவருக்கும் வீடு கிடைத்தது. இப்போது தனித்தனிச் சுவர். மூத்தவளின் இருமல் காற்றோடு வருவதில்லை என்று முருகையா குறைபட்டுக்கொள்கிறார்.

வீடு கையளிக்கும் நாளில் இன்பாஸும் மேடையேறினார். “நானும் ஒரு லயத்துப் பிள்ளை,” என்று தொடங்கி, நூறு குடும்பங்களை ஒரே நேரத்தில் தாங்கிய கட்டமைப்பைப் பற்றிப் பேசினார். தொண்ணூற்றேழு நூறாகியிருந்தது, ஒரே நேரத்தில் என்பதும் புதிதாகச் சேர்ந்திருந்தது. சனிக்கிழமை வகுப்பில் இப்போது கொழுந்துத் தராசுக்கு அடுத்த பாடம் இதுதானாம்.

கீழே இறங்கியதும் முருகையா அவரைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, நீங்க லுணுகல பக்கத்துச் செல்லமுத்து கங்காணி மகன்தானே?”

“இல்லங்க. நாங்க டவுன்.”

“மேடையில லயம், கீழ எறங்கினா டவுனா? நல்ல தூரம்தான். செல்லமுத்து ஒரு நாளும் துண்டு இல்லாம மடுவத்த விட்டு வெளிய வரமாட்டாரு.”

இன்பாஸ் சிரித்து நழுவி விஜயலெட்சுமியின் வாசலுக்குப் போனார். அவர் கையில் ஒரு போனைக் கொடுத்தார். அதில் பச்சைப் புள்ளி எரிந்தது.

“அக்கா, இதப் புடிச்சிக்கிட்டு வீட்டுக்கு முன்னால நில்லுங்க. ஒரு போட்டோ. நம்ம சிஸ்டத்தால கெடைச்ச வீடுதானே.”

விஜயலெட்சுமி போனை வாங்கிப் பார்த்தார். நின்றார். இன்பாஸ் இன்னொரு போனில் இரண்டு மூன்று படம் எடுத்தார்.

“முடிஞ்சுதாங்க தம்பி?”

“முடிஞ்சது அக்கா.”

“அப்ப எடுத்ததுக்கு ஒரு துண்டு எழுதிக் குடுத்துருங்க.”

இன்பாஸ் சிரித்தார். விஜயலெட்சுமி சிரிக்கவில்லை; போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையை நீட்டியபடியே நின்றார். பின்னால் முருகையா ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இன்பாஸ் சட்டைப் பையைத் தடவினார், காற்சட்டைப் பையைத் தடவினார், பெயர் அச்சடித்த பையைத் திறந்து பார்த்தார். எழுத ஒரு காகிதம் இல்லை.